அத்தைக்கு ஸ்கூட்டர் பார்த்த டிசம்பர்

போன மாதம் என் மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புதுக் காப்பிக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடைக்கு நடுவில் சிவப்புக் கயிறு கட்டி, ஒரு பழைய வெஸ்பாவை நிறுத்தியிருந்தார்கள். பால் நிறம். பளபளவென்று துடைத்திருந்தார்கள். குனிந்து பக்கத்து மூடிக்குள் பார்த்தேன். என்ஜின் இல்லை. வெறும் கூடு.

கை வைத்தேன். கடைப் பையன் ஓடி வந்தான். "ஆன்டி, சாரி ஆன்டி, தொடக் கூடாது லா."

பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் போனில் விற்பனைக்கு வந்திருக்கும் பழைய ஸ்கூட்டர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெஸ்பாவா, லாம்பிரெட்டாவா. எது ஒரிஜினல் பெயிண்ட், எதற்கு இத்தாலியில் இருந்து சாமான் வரும். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. அதில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஆன்டி காலத்துல இதெல்லாம் ரோட்டுல ஓடிச்சுல்ல? எது ஆன்டி நல்லா இருக்கும்?"

அவனுக்குச் சொல்லி என்ன ஆகப் போகிறது? உங்களுக்குச் சொல்கிறேன். கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு கொய்யா திருடியவர்களுக்கும், முழங்காலில் சிராய்ப்போடு வளர்ந்தவர்களுக்கும், இப்போது அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறவர்களுக்கும். உங்களுக்குத்தான் அந்தப் புகை வாசனை தெரியும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து எரியும் அந்த நீலப் புகை. மழை நாளில் அது வாசலை விட்டுப் போகாமல் கணுக்கால் உயரத்தில் நிற்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர். நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு முடித்திருந்தேன். அப்பாவுக்கு ஸ்டேஷனில் சிக்னல் வேலை, ஷிஃப்ட் முறை. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். சில வருடங்கள் தற்காலிக ஆசிரியராக இருந்து, பயிற்சி முடித்து, அந்த டிசம்பரில்தான் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஜெஞ்சாரோம் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில்.

வேலை கிடைத்த செய்தி வந்த அன்றைக்கே வீட்டில் சண்டை. ஜெஞ்சாரோம் வரை பஸ் உண்டு. அங்கிருந்து உள்ளே செம்மண் ரோட்டில் போக ஒன்றும் கிடையாது. தோட்டத்தில் ஒரு வீடு தருவதாகச் சொன்னார்கள். கல்யாணம் ஆகாத பெண் தனியாகத் தொழிலாளர் லயத்துப் பக்கம் தங்குவதா என்று அப்பா குதித்தார். "வேலைய விட்டுடு. வேற எடம் கெடைக்கும்."

"விட மாட்டேண்ணே," என்றாள் அத்தை. சத்தம் போடவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவிக்கொண்டே சொன்னாள். "ஜனவரி மொத நாள் நான் அங்க போய் நிக்கலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. அப்புறம் நான் காலத்துக்கும் தற்காலிகந்தான்."

மூன்றாம் நாள் அப்பாவே ஒரு வழி சொன்னார். ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அவர் கொண்டு போய் விட்டுக் கூட்டி வருவார்.

ஏன் ஸ்கூட்டர், ஏன் ஜப்பான் மோட்டார் சைக்கிள் இல்லை என்று இப்போது கேட்பார்கள். சேலை. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் சேலை மோட்டார் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, அவளை ரோட்டில் தள்ளியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். ஸ்கூட்டரில் சக்கரம், என்ஜின் எல்லாம் தகரத்துக்குள் மூடியிருக்கும். தட்டையான தளத்தில் கால் வைக்கலாம். டீச்சர் மடிப்புக் கலையாமல் போய் இறங்கலாம்.

ஸ்கூட்டர் என்றதும் பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் ஒரு வெஸ்பா வைத்திருந்தவர். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பேசினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ரயிலில் வந்து இறங்குவார். அப்பா, பெரியப்பா, அத்தை, நான். நாலு பேரும் விற்பனைக்கு இருக்கும் ஸ்கூட்டரைப் பார்க்கப் போவோம். பெண் பார்க்கப் போகிற மாதிரியேதான் இருக்கும். அவர்கள் காப்பி கொடுப்பார்கள். பெரியப்பா வண்டியைச் சுற்றி வருவார். விரலால் தட்டுவார். குனிந்து மோப்பம் பிடிப்பார்.

"வெஸ்பா ஒரு பக்கம் சாயும்டா," என்பார் அப்பாவிடம். "என்ஜின் முழுக்க வலது பக்கத்துல தொங்குது பாரு. லாம்பிரெட்டா அப்படி இல்ல. நடுவுல உக்காந்திருக்கும், ராஜா மாதிரி."

"தங்கச்சி இடது பக்கமா கால தொங்கப் போட்டு உக்காந்தா சரியாயிடும்ல அண்ணே?"

"அவள என்ன தராசுல வைக்கிற படிக்கல்லுன்னு நெனைச்சியா?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். அப்புறம் ஓட்டிப் பார்க்கும் நேரம் வரும். அப்பா முன்னால் உட்காருவார். நான் அவருக்கு முன்னால் தளத்தில் நின்று கொள்வேன். அத்தை பின்னால், பக்கவாட்டில், சேலையை முழங்காலுக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. தெருக்கோடி வரை போய்த் திரும்புவோம். இறங்கியதும் பெரியப்பா அத்தையிடம் கேட்பது ஒரே கேள்வி.

"பின்னால எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான் அவளிடம் கேட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் இதே கேள்வி, இதே பதில். துறைமுகத்தில் ஒரு வெஸ்பா பார்த்தோம். நம்பரைக் கூட்டினால் எட்டு வந்தது, வேண்டாம் என்றார்கள். ஷா ஆலமில் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசரின் லாம்பிரெட்டாவைப் பார்த்தோம். நல்ல வண்டி. அடர் கறுப்பு. அபசகுனம் என்றார்கள். மழையில் நனைந்து ஒரு மலாய்க் கம்பத்துக் கிராமத்துக்குள் போய்ப் பார்த்த வண்டியில் கோழி முட்டையிட்டிருந்தது. அங்கேயும் பெரியப்பா உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. யாருடைய வேலைக்கு வண்டி? அத்தையுடைய வேலைக்கு. யாருடைய காசு? அவள் தற்காலிக ஆசிரியராக இருந்த வருடங்களில் போஸ்டாபீஸில் சேர்த்தது. அவளைப் பின்சீட்டில் ஏற்றி இறக்கி ஊர் முழுக்கச் சோதனை பார்த்தார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கைப்பிடியைப் பிடித்துப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கெட்டவர்கள் இல்லை அவர்கள். தங்கச்சிக்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு அலைந்தவர்கள். அந்த எண்ணமே வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்படிச் சொன்ன ஒரே ஆள் வெஸ்பாக்காரம்மா.

அவர் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்து நடக்கிற தூரத்தில்தான் இருந்தார். வீட்டுக்காரர் இறந்து ஆறேழு மாதம். மகன் ஈப்போவுக்குக் கூப்பிடுகிறான், தைப்பூசம் முடிந்ததும் போகிறேன், வண்டியை விற்க வேண்டும் என்றார். வண்டியை முன்னறையில், சாமிப் படத்துக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தார். வெளிர் பச்சை வெஸ்பா. சீட்டு ஒன்றாக நீளமாக இல்லாமல், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு தனிச் சீட்டு. அடியில் ஸ்பிரிங். கைப்பிடியில் மஞ்சள் துணி ஒன்று சுற்றியிருந்தது. முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தால் மிளகு மிட்டாய் வாசனை.

பெரியப்பா தட்டினார், மோந்தார். "யாரும்மா ஓட்டினது? வீட்டுக்காரரா?"

"மொதல்ல அவரு. கடைசி ரெண்டு வருசம் அவரால புடிக்க முடியல. கிட்னி. நான்தான் ஓட்டினேன். பசாருக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாம். அவரு பின்னால என் இடுப்பப் புடிச்சிக்கிட்டு வருவாரு."

அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா விளக்கைத் திருகிப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்.

"வண்டி யாருக்கு?" என்று கேட்டார் வெஸ்பாக்காரம்மா.

"தங்கச்சிக்கு," என்றார் அப்பா. "டீச்சர் வேலை கெடைச்சிருக்கு."

"அப்ப தங்கச்சிய முன்னால உக்காரச் சொல்லுங்க."

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. அவள் மஞ்சள் துணியை அவிழ்த்து, மடித்து, இடது கைப்பிடியைத் தொட்டாள். கியர் மாற்றும் பக்கம். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று செதுக்கியிருந்தது பாதி தேய்ந்திருந்தது. அவள் கட்டை விரல் அதன் மேல் போனதை நான் பார்த்தேன்.

அப்பாதான் ஓட்டினார். திரும்பி வந்ததும் வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். ஆனால் வீடு திரும்பும் வழியில் அத்தை நின்றுவிட்டாள். "எனக்கு அந்த வண்டிதாண்ணே புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்கா? ஓட்டுறவனுக்குத்தானே புடிக்கணும்," என்றார் பெரியப்பா. "அதுவும் செத்தவன் வண்டி. தாலி அறுத்தவ கையால வாங்கி, நீ மொத நாள் வேலைக்குப் போவியா?"

"அவரு ஆஸ்பத்திரி கட்டில்லதானே செத்தாரு. வண்டியிலயா செத்தாரு?"

"ஆஸ்பத்திரிக்கு எதுல போனான்? அந்த வண்டியிலதானே?"

அத்தை நடந்தாள். நானும் நடந்தேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். பெரியப்பாவே கண்டுபிடித்த வண்டி. ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகஸ்தர், யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருடைய லாம்பிரெட்டா. நீலமும் வெள்ளையும். ஒரு கீறல் இல்லை. நீளச் சீட்டு. அதை வெளியே கொண்டுவந்து நிறுத்தியபோது பெரியப்பா பேசவே இல்லை. இவ்வளவு வண்டி பார்த்ததில் அவர் பேசாமல் நின்றது அங்கேதான். சீட்டைத் தடவினார், குழந்தை தலையைத் தடவுவது போல.

"ஆர் தம்பி ஓடப் போறது?" என்று கேட்டார் ஐயா.

"நான்தான் ஐயா," என்றார் அப்பா.

"அப்ப சரி. இது பாரமான வண்டி கண்டீரோ. ஸ்டாண்டில ஏத்தேக்க நல்லாப் பலம் போட்டுத் தெண்டிக்க வேணும். பொம்பிளைப் பிள்ளை ஓடுறதெண்டா நான் வேண்டாமெண்டுதான் சொல்லுவன்."

அந்த மனிதர் உண்மையைச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நம்பரைக் கூட்டினால் ஆறு. ஐயாவின் மனைவி பூவும் பொட்டுமாக வந்து தட்டில் வெற்றிலை வைத்துச் சாவியைக் கொடுத்தார். அத்தையின் காசில், அப்பா பேரில், லாம்பிரெட்டா கிள்ளானுக்கு வந்தது. அம்மா சூடம் காட்டினாள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து அப்பா ஏற்றினார். தெருப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அழகான வண்டி. பொய் சொல்ல மாட்டேன்.

ஜனவரி பிறந்தது. நான் பார்த்தது அந்த முதல் வாரம். எனக்கு மதியப் பள்ளிக்கூடம் என்பதால் காலையில் வீட்டில் இருப்பேன். அப்பாவுக்கு அந்த வாரம் இரவு வேலை. விடிந்ததும் வருவார், முகம் கழுவுவார், கறுப்புக் காப்பியை நின்றுகொண்டே குடிப்பார், அத்தையை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வந்து படுத்தால் பிணம் மாதிரித் தூங்குவார். மதியம் எழுந்து மறுபடி ஜெஞ்சாரோம். அம்மா அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். சாப்பிடும்போதே தலை தொங்கும். "என்னங்க," என்று தோளைத் தட்டுவாள்.

ஸ்கூட்டர் வாங்கும்போது அப்பாவின் ஷிஃப்ட் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. ரயில்வே வீடு. சுவரில் ஷிஃப்ட் அட்டவணை தொங்குகிற வீடு. நம்பரைக் கூட்டினார்கள், நிறம் பார்த்தார்கள், கொடுத்தவர் நெற்றியைப் பார்த்தார்கள். எந்த வாரம் யார் விழித்திருப்பார் என்று பார்க்கவில்லை.

இரண்டாம் வாரமும் அவருக்கு இரவு வேலைதான், அந்த வாரம் விழுந்தார்கள். இரவெல்லாம் மழை. தோட்டத்துச் செம்மண் ரோடு குழைந்து கிடந்தது. ஒரு வளைவில் அப்பா கண் அசந்துவிட்டார். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. அத்தை கால் தொங்கப் போட்டிருந்த பக்கம். பாதம் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அப்பா ஒரு ஆளாகத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள்.

எலும்பு உடையவில்லை. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. டாக்டர் இரண்டு வாரம் எம்சி கொடுத்தார், அதாவது மருத்துவ விடுப்பு. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர். போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எம்சி முடிஞ்சதும் வந்துருங்க டீச்சர். அதுக்கு மேல என்னால எடத்தப் புடிச்சி வைக்க முடியாது."

அவர் போனதும் பெரியப்பா ஆரம்பித்தார். முன் சக்கரத்து எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லையாம். அப்பா மெதுவாக ஏற்றிவிட்டாராம். "அப்பவே நெனைச்சேன்," என்றார். அப்புறம் முடிவும் சொன்னார். இந்த வேலை இவளுக்கு ராசி இல்லை. எழுதிக் கொடுத்துவிடட்டும். அப்பா மறுத்துப் பேசவில்லை. அத்தையின் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நினைத்தால் அவர் மேல் கோபப்பட முடியவில்லை. என்னாலேயே முடியவில்லை என்றால் பாருங்கள்.

மூன்று நாள் கழித்து அத்தை என்னிடம், "கோயிலுக்குப் போலாம் வா," என்றாள். என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே நடந்தாள். கோயில் வலது பக்கம். நாங்கள் இடது பக்கம் திரும்பினோம்.

பச்சை வெஸ்பா அங்கேயே இருந்தது. "விக்கலியாக்கா?" என்று கேட்டாள் அத்தை.

"வர்ற ஆளுங்க எல்லாம் அவரு எப்படிச் செத்தாருன்னுதான் கேக்குறாங்க. வண்டி எப்படி ஓடுதுன்னு ஒருத்தனும் கேக்கல."

"எப்படிக்கா ஓடுது?"

வெஸ்பாக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். "இடது காலா? அது வண்டிக்குத் தேவையே இல்ல. பிரேக் வலது கால்ல. கியர் கையில. நீயே ஓட்டிக் கண்டுக்க."

ரயில்வே கிடங்குக்குப் பின்னால் ஒரு திடல் இருந்ததே, பந்து விளையாடுவோமே, அங்கே தள்ளிக்கொண்டு போனோம். அத்தை சேலையைத் தூக்கிச் செருகினாள். வலது காலால் உதைத்தாள். மூன்றாவது உதையில் பிடித்தது. நான் முன்னால் ஏறி நின்றேன். வெஸ்பாக்காரம்மா பின்னால் ஏறி உட்கார்ந்து, மடியில் இருந்து கச்சான் கடலைப் பொட்டலத்தை எடுத்தார்.

"அக்கா, சொல்லித் தர மாட்டீங்களா?"

"எனக்கு ஒன் முதுகுதான் தெரியுது. என்னத்தச் சொல்றது? போ."

வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. கச்சான் என் தலையில் கொட்டியது. மறுபடி. மறுபடி. ஒரு தடவை நேராகப் போய் யாரோ போட்டிருந்த மிளகாய்ப் பாத்தியில் இறங்கினோம். ஆனால் அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டிசம்பர் முழுக்க அந்த இரண்டு ஆண்களும் அவளுக்குப் பக்கத்தில் நின்று கிளட்ச், சோக், பிளக், பெட்ரோல் குழாய் என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள் இல்லையா? அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். எந்த வண்டியின் பிரேக் இழுக்கிறது, எதற்குக் கிளட்ச் கடினம் என்று அவளால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. நான் முன்னால் நின்று கைப்பிடி எண்ணைப் பார்த்துக் கத்துவேன். "ஒண்ணு அத்தை! இப்ப ரெண்டு!"

முடிந்ததும் அவளே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினாள். ஒரு காலால் மிதித்து, ஒரு இழு. ஏறி நின்றது. லாம்பிரெட்டாவை அவளால் அசைக்கக்கூட முடிந்ததில்லை. அவள் அதை இறக்கி, மறுபடி ஏற்றினாள். மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினாள். வெஸ்பாக்காரம்மா கச்சான் தோலை ஊதிக்கொண்டு பார்த்தார். "போதும்டி. ஸ்டாண்டு தேஞ்சிரும்," என்றார். சொல்லும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் எங்களுக்குக் கோயில்தான். அம்மா ஒரு நாள் அத்தையின் சேலை ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். எந்தச் சாமிக்கு இந்த எண்ணெய் என்று கேட்கவில்லை. எலுமிச்சை தேய்த்துத் துவைத்துக் காயப் போட்டாள்.

எம்சி முடிகிற வாரம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஷன்டிங் என்ஜினில் இருந்த ஒருவர் பார்த்துவிட்டார். "ஒன் தங்கச்சி கிடங்குக்குப் பின்னால ஸ்கூட்டர் ஓட்டுது. ஒன்னவிட நல்லா ஓட்டுது லா," என்று ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து இறங்கினார். பஞ்சாயத்து. வாசலில் லாம்பிரெட்டா நின்றது. விழுந்த பக்கம் தகரம் லேசாக நெளிந்திருந்தது. பெரியப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அந்த நெளிவைக் கையால் தடவிவிட்டுத்தான் வந்தார்.

"அந்த வெதவ வண்டியத் தொட வேணாம்னு சொன்னேனா இல்லியா?"

"பூவும் பொட்டுமா இருந்தவங்க கையாலதான் இத வாங்கினோம் பெரியண்ணே," என்றாள் அத்தை. "விழுந்துச்சு."

"வாய் நீளுது. ரோட்டுல நாலு பேரு பாக்க பொம்பள ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டுப் போனா நம்ம மானம் என்னாவறது?"

அம்மா அடுப்படியில் இருந்து கரண்டியோடு வந்து நின்றாள். பெரியப்பா முன்னால் அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். "நீங்க விடிய விடிய முழிச்சிட்டு தூங்கிக்கிட்டே ஓட்டுறீங்க. அன்னைக்கு மண்ணுல விழுந்தீங்க. நாளைக்கு லோரி முன்னால விழுந்தா எனக்கு ரெண்டு பேரும் இல்ல. அவ முழிச்சிக்கிட்டு ஓட்டட்டும்."

அத்தை அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்தாள். குரலை மாற்றிக்கொண்டாள்.

"பெரியண்ணே, இந்த லாம்பிரெட்டா மாதிரி ஒரு வண்டி மலேசியாவுலயே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. இப்பவும் சொல்றேன்."

"ஒங்க கையில இருந்தா விழுந்திருக்குமா?"

"எதுக்கு விழுது? இவனுக்கு ஓட்டத் தெரியல."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க. குடுத்த வெலயவே குடுங்க. நான் அந்த அக்காகிட்ட வாங்கிக்கறேன்."

பெரியப்பா வாசலில் நின்ற லாம்பிரெட்டாவைப் பார்த்தார். அவர் மாட்டிக்கொண்டார் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன், வாயைப் பொத்திச் சிரித்தேன். இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கல்யாணம் ஆனதும் அவர் வெஸ்பாவை விற்க வைத்திருக்கிறார்கள். அந்த டிசம்பர் முழுக்க மனிதர் தனக்குத்தான் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "சரி, நீ இவ்வளவு சொல்றதால," என்று எழுந்தார். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அன்று ரயிலில் போகவில்லை. சட்டைக் காலர் பறக்க லாம்பிரெட்டாவில் போனார். சாகிற வரைக்கும் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலமே பச்சை வெஸ்பா எங்கள் வாசலுக்கு வந்தது. வெஸ்பாக்காரம்மா தட்டு எதுவும் வைக்கவில்லை. சாவியையும் மஞ்சள் துணியையும் கொடுத்தார். அம்மா சூடத்தோடு வெளியே வந்தபோது அவர் தள்ளிப் போய் நின்றார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் சூடம் ஏற்றினாள். எலுமிச்சம்பழம் வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அத்தை அந்த வண்டியைப் பல வருடம் ஓட்டினாள். கார் வாங்கியதும் யாருக்கோ கொடுத்தாள். யாரிடமிருந்து யாரிடம் போனதோ. இப்போது எந்தக் கடையில் என்ஜின் இல்லாமல் கயிறு கட்டி நிற்கிறதோ. எந்தப் பழைய ஸ்கூட்டரைப் பார்த்தாலும் இடது கைப்பிடியில் எண் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்குத்தான் கை வைத்தேன். அந்தப் பையனுக்கு அதை எப்படிச் சொல்வது?

பச்சை வெஸ்பா வீட்டுக்கு வந்த மறுநாள் திங்கட்கிழமை. எம்சி முடிந்த நாள். அப்பா இரவு வேலை முடிந்து வந்தார். "மொத நாள். நானும் வரேன்," என்றார். பழக்கத்தில் நேராக வண்டிக்கு முன் பக்கம் போனார். அங்கே அத்தை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பின்னால் சிவப்பு எழுத்தில் எல் அட்டை. அதைக் கட்டிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாதுதான். அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? நான் முன்னால் ஏறி நின்றுவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்பா சுற்றிப் போய்ப் பின்சீட்டில் ஏறினார்.

கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் தொடையில் வைத்தார். வண்டி கிளம்பியதும் சீட்டைப் பிடித்தார். ஊரைத் தாண்டுகிற வரை "மெதுவா, மெதுவா" என்றார். செம்பனைக்குள் திரும்பினோம். ஈர மண் வாசனை, அழுகின பழத்தின் புளிப்பு. அவர்கள் விழுந்த வளைவு வந்தது. அத்தை இரண்டாம் கியருக்கு இறக்கினாள். நான் கத்தவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். அப்பா இறங்கினார். அத்தை வண்டியை ஒரு இழுப்பில் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, சேலையை உதறிச் சரி செய்துகொண்டு, அவரைப் பார்த்தாள்.

"பின்னால எப்படிண்ணே இருக்கு?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு."

அத்தை மஞ்சள் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாவி அவளிடம். நானும் அப்பாவும் பஸ்ஸுக்காகச் செம்மண் ரோட்டில் நடந்தோம். பாதி தூரம் போயிருப்போம். என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் அவர் சொன்னார்.

"பின்னால உக்காந்தா ரோடே தெரிய மாட்டேங்குது."